கையில் இருப்பது 72 மணி நேரம்!

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும், நானும் எல்லோரையும் போல "மின் சிக்கனம்" என்று தலைப்புப் போட்டு அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். காரணம், போன வருஷம் எங்கள் விடுதியில் நடந்த ஒரு சம்பவம். அன்றைக்கு எங்களில் ஒருத்தனுக்காவது ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் ஓர் அண்ணன் மூன்று மாதம் தூக்கமில்லாமல் தவித்திருக்க வேண்டியதில்லை. மின் சிக்கனம் பற்றி எழுத நம் துறையில் ஐம்பது பேர் இருக்கிறார்கள். இதை எழுத யாரும் முன்வரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

"டேய், இதையெல்லாம் மலர்ல எழுதலாமா? பொண்ணுங்களும் படிப்பாங்களேடா!" என்று என் ரூம் நண்பன் கேட்டான். அவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன் என்று சொன்னேன்.

நடந்தது என்ன?

மூன்றாம் ஆண்டு படித்த ஓர் அண்ணன். ஊர், பெயர், துறை எதுவும் சொல்ல மாட்டேன். சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். இந்தக் கட்டுரையை அவரிடம் காட்டி, "போடுடா, யாருக்காவது உபயோகப்படும்" என்று அவர் சொன்ன பிறகே கொடுத்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை இரவு அவருக்குப் பாதுகாப்பு இல்லாமல் உடலுறவு நேர்ந்துவிட்டது. எங்கே, யாரோடு, ஏன் என்பதெல்லாம் நமக்கு வேண்டாத கதை. மறுநாள் காலையிலேயே அவருக்கு எச்.ஐ.வி. பயம் பிடித்துக்கொண்டது. யாரிடம் சொல்வது? வீட்டில் சொன்னால் அப்பா அடிப்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே ஊர்க்காரர் யாராவது வேலை பார்ப்பார். கடைசியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் போய், சுற்றி வளைத்து எதையோ சொல்லி, அவர்கள் கொடுத்த நான்கு மாத்திரையை வாங்கி விழுங்கியிருக்கிறார். அது சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரை என்பது பிறகுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை இரவு மொட்டை மாடியில் என்னிடம் சொன்னார். அதற்குள் ஐந்து நாள் போயிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே நம்பிக்கை மையத்தில் இருந்த ஆலோசகர் அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி, மூணு நாளைக்குள்ள வந்திருந்தா மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாமேப்பா. இப்ப டெஸ்ட் எடுத்துட்டுக் காத்திருக்கணும், வேற வழி இல்ல" என்று சொன்னார்.

மூன்று நாளா? மாத்திரையா? எச்.ஐ.வி. வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறதா? நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பத்தாம் வகுப்பில் எய்ட்ஸ் பாடம் படித்து மார்க் வாங்கியவர்கள்தான் நாங்கள். கொசு கடித்தால் வராது, கை குலுக்கினால் வராது என்று தெரியும். இது மட்டும் தெரியாது.

பெப் என்றால் என்ன?

அந்த மருந்து முறைக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் "பெப்". தொற்று ஏற்படக்கூடிய சம்பவம் நடந்த பிறகு, கிருமி உடம்பில் வேர் பிடிக்கும் முன்னே கொடுக்கிற தடுப்பு மருந்து என்று பொருள். தினம் ஒரு மாத்திரை, 28 நாள். முதல் மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் போட முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். சில மணி நேரத்துக்குள் போட்டால் மிக நல்லது. 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை. அதாவது மூன்று பகல், மூன்று இரவு. அதற்குப் பிறகு மருந்தை ஆரம்பிப்பதில்லை.

இந்தியாவில் இப்போது கொடுக்கப்படுவது மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை: டெனோபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. எச்.ஐ.வி. உள்ளவர்கள் சிகிச்சைக்குத் தினமும் சாப்பிடுவதும் பெரும்பாலும் இதே மாத்திரைதான். அவர்கள் வாழ்நாள் முழுவதும் சாப்பிடுகிறார்கள். பெப் எடுப்பவருக்கு 28 நாள்.

அது எப்படி வேலை செய்கிறது?

நமக்குப் புரிகிற பாஷையிலேயே சொல்கிறேன். மெஷின்ஸ் லேபில் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் வயரிங் செய்திருக்கிறோம் அல்லவா? பச்சைப் பட்டனை அழுத்தினால் காயிலுக்குக் கரண்ட் போகும், கான்டாக்டர் இழுக்கும், மோட்டார் ஓடும். பட்டனில் இருந்து விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது? பட்டனுக்கு இணையாக ஹோல்டிங் கான்டாக்ட் ஒன்று இருக்கிறது. கான்டாக்டர் இழுத்ததும் அது மூடிக்கொள்கிறது. பிறகு விரல் தேவையில்லை, தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். அந்த ஹோல்டிங் வயரைக் கழற்றிவிட்டு பட்டனை அழுத்திப் பாருங்கள். அழுத்தும் வரை ஓடும், விரலை எடுத்ததும் நின்றுவிடும்.

எச்.ஐ.வி. கிருமி உடம்பில் நுழைவது பட்டனை அழுத்துவது மாதிரி. நுழைந்த உடனே நோயாளி ஆகிவிடுவதில்லை. முதலில் அது நுழைந்த இடத்தில் உள்ள சில செல்களைப் பிடிக்கிறது. ஓரிரு நாளில் அருகில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. அதன் பிறகே ரத்தம் முழுவதும் பரவுகிறது. செல்லுக்குள் நுழைந்த கிருமிக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, ஆர்.என்.ஏ. வடிவில் இருக்கும் தன் குறிப்பை டி.என்.ஏ.வாக மாற்றி எழுத வேண்டும். இரண்டு, அந்த டி.என்.ஏ.வை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிட வேண்டும். செருகிவிட்டால் முடிந்தது கதை! ஹோல்டிங் கான்டாக்ட் மூடிவிட்டது. அந்த செல்லும் அதன் வாரிசு செல்களும் கிருமியின் குறிப்பைச் சுமந்துகொண்டே இருக்கும். பரவலாகக் கொடுக்கக்கூடிய ஸ்டாப் பட்டன் எதுவும் இன்று வரை மருத்துவத்தில் இல்லை. சிகிச்சை மாத்திரையால் கிருமியை அடக்கி வைக்கலாம், அடியோடு எடுக்க முடியாது.

பெப் மாத்திரையில் உள்ள டெனோபோவிரும் லாமிவுடினும் முதல் வேலையைத் தடுக்கின்றன. டோலுடெக்ராவிர் இரண்டாவது வேலையைத் தடுக்கிறது. ஹோல்டிங் வயரை முன்கூட்டியே கழற்றி வைப்பது போல! கிருமி நுழைந்திருந்தாலும் பிடித்துக்கொள்ள வழியில்லாமல், நுழைந்த செல்களோடு சேர்ந்து அழிந்துபோகிறது. அதற்கு நாள் பிடிக்கும் என்பதால்தான் 28 நாள் மருந்து. கான்டாக்ட் மூடிய பிறகு வயரைத் தேடிப் பிரயோஜனம் இல்லை என்பதால்தான் 72 மணி நேரம்.

இதற்கு ஆதாரம் என்ன?

1995-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் குரங்குகளைத் தாக்கும், எச்.ஐ.வி.க்கு உறவான கிருமியைக் குரங்குகளுக்குச் செலுத்தி, பின்னர் டெனோபோவிர் கொடுத்துப் பார்த்தார்கள். 24 மணி நேரத்தில் ஆரம்பித்து நான்கு வாரம் கொடுத்த குரங்குகளுக்குத் தொற்று பிடிக்கவில்லை. 1998-ல் வெளியான அடுத்த ஆய்வில், தாமதமாக ஆரம்பித்தாலும், 28 நாளுக்கு முன்பே நிறுத்தினாலும் பாதுகாப்பு குறைவதைக் கண்டார்கள். நாள் கணக்கு அந்தச் சோதனைகளில் இருந்து வந்தது.

மனிதர்களில் இதை முதலில் பார்த்தது ஆஸ்பத்திரி ஊழியர்களிடம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி தவறுதலாகக் கையில் குத்திவிடும் நர்ஸ்கள், டாக்டர்கள் உண்டு. அவர்களில் ஜிடோவுடின் என்ற பழைய மருந்தை உடனே சாப்பிட்டவர்களுக்குத் தொற்று வாய்ப்பு 81 சதவீதம் குறைந்தது என்று 1997-ல் வெளியான ஆய்வு சொன்னது. அது ஒரே ஒரு மருந்து. இன்று மூன்று மருந்து சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆனாலும் நூற்றுக்கு நூறு என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. தாமதித்தாலும், நடுவில் நிறுத்தினாலும் பலன் குறையும். எல்லா வகைத் தொற்று வாய்ப்புக்கும் பெப் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

எச்.ஐ.வி. உள்ளவரோடோ, இருக்கிறதா இல்லையா என்று தெரியாதவரோடோ ஆணுறை இல்லாமல் உறவு நடந்திருந்தால், ஆணுறை கிழிந்தோ நழுவியோ போயிருந்தால், பலாத்காரம் நடந்திருந்தால், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டிருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். மருந்து தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

ஒரு தடவை உறவு கொண்டாலே கட்டாயம் வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு தடவையில் எங்கே வரப்போகிறது என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு. எச்.ஐ.வி. உள்ள, சிகிச்சை எடுக்காத ஆணிடமிருந்து பெண்ணுக்குச் சாதாரண உடலுறவில் தொற்றும் வாய்ப்பு 10,000 முறைக்குச் சுமார் 8. ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்கு 10,000-க்குச் சுமார் 138. ஊசி குத்தினால் 1,000-க்குச் சுமார் 3. இவை சராசரிக் கணக்கு. புண் இருந்தாலோ, வேறு பால்வினை நோய் இருந்தாலோ, பலாத்காரத்தில் காயம் பட்டிருந்தாலோ வாய்ப்பு கூடும். லாட்டரியில் பரிசு விழுவது அபூர்வம்தான். ஆனால் விழுந்தவனுக்கு அது முதல் சீட்டாகவும் இருக்கலாம் இல்லையா?

முத்தம், கட்டிப்பிடித்தல், மெஸ் தட்டு, கக்கூஸ், கொசு இவற்றுக்கெல்லாம் பெப் தேவையில்லை. அவற்றால் எச்.ஐ.வி. பரவாது. எச்.ஐ.வி. உள்ளவர் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால், அவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்றுவதில்லை. இதுவும் நம்மில் பலருக்குத் தெரியாது.

இன்னொரு முக்கியமான குழப்பம்! "72 மணி நேர மாத்திரை" என்று சொன்னதும் பலருக்கு ஞாபகம் வருவது கர்ப்பம் தடுக்கும் அவசர மாத்திரை. அது வேறு, இது வேறு. அந்த மாத்திரை எச்.ஐ.வி.யைத் தடுக்காது. பெப் கர்ப்பத்தைத் தடுக்காது. மணிக்கணக்கு ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். சகோதரிகள் இரண்டையும் டாக்டரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்? வரிசையாகச் சொல்கிறேன்.

1. சாதாரண சோப்பும் தண்ணீரும் போட்டு வெளியே கழுவினால் போதும். டெட்டால் ஊற்றுவது, உள்ளே பீய்ச்சிக் கழுவுவது, தேய்ப்பது கூடாது. அது உள்தோலைப் புண்ணாக்கி ஆபத்தை அதிகமாக்கும். ஊசி குத்திய இடத்தையும் பிதுக்கக் கூடாது. பலாத்காரம் நடந்திருந்தால், முடிந்தவரை குளிக்காமல், துணியைத் துவைக்காமல் போவது நல்லது, சாட்சியம் அழியாமல் இருக்கும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள்.

2. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பார்க்கலாம், செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். ராத்திரி என்றாலும் அரசு தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கேஸ்வால்டிக்குப் போங்கள். அது 24 மணி நேரமும் திறந்திருக்கும். பகலில் ஏ.ஆர்.டி. மையம், நம்பிக்கை மையம் இரண்டிலும் கேட்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது எச்.ஐ.வி. பற்றிய இலவச தேசிய உதவி எண்.

3. டாக்டரிடம் சுற்றி வளைக்காதீர்கள். வாய் வரவில்லையா? இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "டாக்டர், எனக்கு எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்புள்ள மாதிரி ஒரு சம்பவம் நடந்துவிட்டது. இத்தனை மணி நேரம் ஆகிறது. பெப் மருந்து தேவைப்படுமா?" அவ்வளவுதான். வைவா கேள்விக்குப் பதில் சொல்வதைவிட இது சுலபம்.

4. ரத்தம் எடுப்பார்கள். அந்த முதல் டெஸ்ட், ஏற்கெனவே தொற்று இருந்ததா என்று பார்க்கத்தான். நேற்று நடந்ததை அது காட்டாது. டெஸ்ட் ரிசல்ட் வரட்டும் என்று முதல் மாத்திரையைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. மஞ்சள் காமாலை பி கிருமிக்கும், சிறுநீரகத்துக்கும் சேர்த்து டெஸ்ட் பார்ப்பார்கள். இந்த மாத்திரையில் உள்ள இரண்டு மருந்து அந்தக் காமாலைக் கிருமி மீதும் வேலை செய்வதால், அது உள்ளவர் 28 நாளில் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். அதனால் டாக்டர் மேற்பார்வை கட்டாயம். கடையில் நாமாக வாங்கிச் சாப்பிடுகிற மருந்து அல்ல இது.

5. டி.பி., வலிப்பு, சர்க்கரை ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் அதைச் சொல்ல வேண்டும். அல்சருக்கான ஜெல், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை இவற்றைப் பெப் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

6. தினமும் ஒரே நேரத்தில் 28 நாளும் சாப்பிட வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். சிலருக்குக் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு வரலாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதிகமானால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

7. 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று டாக்டர் சொல்லும் தேதிகளில் மறுபடியும் டெஸ்ட் எடுக்க வேண்டும். எல்லாம் முடியும் வரை ஆணுறை கட்டாயம். ரத்ததான முகாமில் ரத்தம் கொடுக்கக் கூடாது.

72 மணி நேரம் தாண்டிவிட்டால்? அப்போதும் போங்கள். பெப் கிடைக்காது, ஆனால் டெஸ்ட் உண்டு, மற்ற பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை உண்டு, பேச ஆள் உண்டு. தனியாக மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

பாலியல் வன்முறைக்கு ஆளானவர் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அது அரசு என்றாலும் தனியார் என்றாலும், உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். 2013-ல் கொண்டுவரப்பட்ட இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 397-ஆம் பிரிவாக இருக்கிறது. சிகிச்சை தர மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆண், பெண், திருநங்கை யாராக இருந்தாலும் பெப் கேட்கத் தயங்க வேண்டாம்.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ளது. அதன்படி நம் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கக் கூடாது. ரிசல்ட்டைப் பிறரிடம் சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகப் படிப்பிலோ வேலையிலோ யாரையும் ஒதுக்கவும் கூடாது. பயந்து பயந்து ஐந்து நாளைத் தொலைத்த அந்த அண்ணனுக்கு இந்தச் சட்டம் தெரியாது. எனக்கும் தெரியாது.

நம்மில் 18 வயது நிரம்பாத தம்பி, தங்கைகளும் இருக்கிறீர்கள். உங்கள் விஷயத்தில் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டிய கடமை ஆஸ்பத்திரிக்கு உண்டு. இதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்குப் பயந்து மருந்தைத் தவற விட்டுவிடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் பேசலாம்.

விருப்பத்தோடு நடந்த உறவு என்றாலும் டாக்டரிடம் கேட்கலாம். மருந்து அங்கேயே கிடைக்குமா, சீட்டு எழுதி வாங்கி வெளியே வாங்க வேண்டியிருக்குமா என்பது இடத்தைப் பொறுத்தது. எப்படியானாலும் கேட்பதற்குக் காசு இல்லை.

ஒரு வீட்டுக் கதை

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரி டிரைவர். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவர் தம்பி, என் சித்தப்பாவும் லாரியில்தான் போனார். 2002-ல், நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். "டி.பி.ல போய்ட்டான்" என்று மட்டும் பாட்டி சொல்லும். அவர் படுத்திருந்தபோது திண்ணையில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார்களாம். ஏன் என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு அண்ணனோடு போய் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல் நம் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் ரத்தம் சேகரித்துச் சோதித்தார்கள். நிர்மலா அப்போது நம்மைப் போல ஒரு மாணவிதான். படிப்புக்கான ஆய்வாக ஆரம்பித்தது நாட்டுக்கே செய்தியானது. ஆனால் சிகிச்சை மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். முதலில் ஆரம்பித்த மருத்துவமனைகளில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. சித்தப்பாவுக்கு இரண்டு வருஷம் முந்திவிட்டது. இன்று அதே நோய் உள்ளவர்கள் தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டு வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பெற்று, பேரன் பேத்தி பார்க்கிறார்கள்.

சித்தப்பாவுக்கு அப்போது மருந்து எட்டவில்லை. அந்த அண்ணனுக்கு மருந்து பஸ் போகிற தூரத்தில்தான் இருந்தது, செய்தி எட்டவில்லை. முன்னது யார் கையிலும் இல்லை. இரண்டாவது நம் கையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கடைசியாகச் சில வார்த்தைகள்

பெப் இருக்கிறதே என்று ஆணுறையை மறந்துவிடாதீர்கள். பியூஸ் இருக்கிறது என்பதற்காக யாராவது வேண்டுமென்றே ஷார்ட் சர்க்யூட் செய்வோமா? பெப் என்பது தவறிப்போனால் கை கொடுக்கும் ஏற்பாடு. அடிக்கடி ஆபத்தில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் தடுப்பு மாத்திரையும் இன்று இருக்கிறது. அதையும் டாக்டரிடம் கேட்கலாம்.

நண்பன் ஒருவன் வந்து "ஒரு தப்பு நடந்துபோச்சுடா" என்று சொன்னால், "ஏன்டா போன?" என்று கேட்காதீர்கள். "எப்ப நடந்துச்சு? எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று முதலில் கேளுங்கள். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்புங்கள். அறிவுரையை 28 நாள் கழித்துக்கூடச் சொல்லலாம். மருந்துக்கு அப்படி நேரம் இல்லை.

அந்த அண்ணனுக்குக் கடைசியில் ரிசல்ட் என்ன வந்தது என்று என்னிடம் பலர் கேட்கலாம். சொல்ல மாட்டேன். அது அவருடையது. எது வந்திருந்தாலும் அவர் எனக்கு அண்ணன்தான்.

தீபாவளி லீவில் இந்தக் கட்டுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சித்தப்பா வருகிற இடத்தில் ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த நம்பர் என்ன சொன்ன?" என்று கேட்டார். 1097 என்று சொன்னேன். "பெருசா ஒரு பேப்பர்ல எழுதிக் குடு சாமி. லாரி பேட்டை டீக்கடையில ஒட்டிப்புடறேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். நம் விடுதி நோட்டீஸ் போர்டுக்கும் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். வார்டன் ஐயா அனுமதி தருவார் என்று நம்புகிறேன்.